டிராக்டர் வாங்கும் முன் இடைவழியை அளந்து பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சோலார் பண்ணை வைத்திருப்பவர்கள் தை பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆள் வைத்துக் கழுவுவதை விட்டுவிட்டு, டிராக்டரில் பொருத்தும் சுழல் பிரஷ் வாங்கிவிடலாமா? மழை ஓய்ந்து, செம்மண் தூசியும் கல் குவாரித் தூசியும் கண்ணாடியில் படியும் காலம் அது. விற்பனையாளர்கள் பேனலுக்கு எத்தனை பைசா மிச்சம் என்று சொல்வார்கள். அந்த மிச்சம் எத்தனை மெகாவாட்டுக்கு மேல் போட்ட முதலைத் திருப்பித் தரும் என்பதே கேட்க வேண்டியது.

ஒரு மெகாவாட் நிலையம் தெளிந்த நாளில் ஏறத்தாழ 4,500 யூனிட் தருகிறது, யூனிட் 3 ரூபாய்க்குப் போகிறது, தூசியால் இழப்பு தினமும் 0.3 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 40 ரூபாய் போகும். பத்தாம் நாள் 400 ரூபாய் போகும். 540 வாட் பேனல் என்றால் மெகாவாட்டுக்குச் சுமார் 1,850 பேனல்கள். ஆள் வைத்துக் கழுவப் பேனலுக்கு 2 ரூபாய் ஆனால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவதே இலாபம். கழுவும் செலவும் தூசி இழப்பும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 550 ரூபாய். டிராக்டரில் டீசல், ஓட்டுநர், தண்ணீர் எல்லாம் சேர்த்து 1 ரூபாயில் முடிந்தால், பத்து நாளுக்கு ஒருமுறை கழுவலாம். நாள் செலவு 390 ரூபாய்க்கு இறங்கும். மழையில்லாத 150 நாளுக்கு மெகாவாட்டுக்கு மிச்சம் 24,000 ரூபாய்தான். பத்து மெகாவாட் பண்ணைக்கு அது ஆண்டுக்கு 2.4 லட்சம்; இரண்டு மெகாவாட் வைத்திருப்பவருக்கு வண்டியின் தவணைக்கே காணாது. உங்கள் கட்டணத்தையும் உங்கள் ஊர்க் கூலியையும் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நிலம்தான். பேனல் வரிசைகளை நெருக்கி, நடுவில் குறுகிய இடைவழியே விட்ட பண்ணையில் டிராக்டர் நுழைவதே பாடு. நுழைந்தாலும் வரிசை முடிவில் திரும்ப இடமிருக்காது. நம் பக்கத்து மேடுபள்ள நிலத்தில் வண்டி ஒரு சக்கரம் இறங்கினால் பிரஷ் மேலே தூக்கிக்கொள்ளும், கீழ்ச் சட்டத்தை ஒட்டிய விரல் அகலப் பட்டை கழுவப்படாமல் நின்றுவிடும். மேலிருந்து வடியும் சேறு அங்கேதான் தேங்கிக் காய்கிறது. பேனல் நிமிர்ந்த வாக்கில் பொருத்தப்பட்டிருந்தால், அந்தப் பட்டை பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு கட்டங்களான செல்களில் அடிவரிசை முழுவதற்கும் நிழலாகி, தன் பரப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவு மின்சாரத்தைத் தின்னும். போதாக்குறைக்கு, காய்ந்த இடைவழியில் ஓடும் டிராக்டர் கிளப்பும் புழுதி, சற்றுமுன் கழுவிய ஈர வரிசையின் மேலேயே போய் ஒட்டும். இடைவழிக்குச் சரளை போட்டு இறுக்கும் செலவை யாரும் விலைப்புள்ளியில் காட்டுவதில்லை.

அடுத்தது தண்ணீர். தருமபுரி நிலத்தடி நீர் என்றதும் ஃபுளோரைடு நினைவுக்கு வரும்; அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பேனலுக்குப் பகை ஃபுளோரைடு அல்ல, நீரின் கடினத்தன்மை. ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே அடித்தால், காய்ந்தபின் படியும் வெள்ளை உப்பு, பல சுற்றுக்குப் பின் பிரஷ்ஷாலும் போகாது. பேனலுக்கு ஒன்றரை லிட்டர் என்றாலும் பத்து மெகாவாட்டுக்கு ஒரு சுற்றுக்கு 28,000 லிட்டரை நெருங்கும். அவ்வளவையும் சுத்திகரிக்க வேண்டுமானால் அந்தச் செலவும், வெளியேறும் கழிவுநீரை விட இடமும் கணக்கில் சேர வேண்டும்.

கழுவுவது இரவிலோ விடியலுக்கு முன்போ நடக்கட்டும். உச்சி வெயிலில் சுட்ட கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். பிரஷ் அழுத்தம் கூடினால் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும் என்பதால், அந்த இயந்திரத்துக்குப் பேனல் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்காமல் உத்தரவாதத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

சிறு பண்ணைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியை வாடகைக்கு எடுப்பது, என் பார்வையில், சொந்தமாக வாங்குவதைவிட மேல். யாரிடம் எடுத்தாலும் செயல்முறை விளக்கத்தை வாசலருகே உள்ள சமதள வரிசையில் பார்க்காமல், உங்கள் பண்ணையிலேயே மோசமான மேட்டு வரிசையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுநாள் காலை அந்த வரிசையின் கரண்டையும் கழுவாத பக்கத்து வரிசையின் கரண்டையும் இன்வெர்ட்டரில் ஒரே நேரத்தில் எடுத்து, விலை பேசுவதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.