டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா? முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு

ஓய்வூதியம் வாங்கிவந்த முன்னாள் படைவீரர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதில் சிக்கல் இல்லை. பணம் கைக்கு வருவதில்தான் இழுபறி, அதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம்.

டிஸ்சார்ஜ் புக்கில் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவேடு) "லட்சுமி அம்மாள்". ஆதாரில் வெறும் "லட்சுமி". பான் கார்டில் இனிஷியல் விரிந்து கணவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்புக்கில் ஆங்கில எழுத்து ஒன்று மாறியிருக்கும். ஊருக்கு அவர் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். பிறந்த தேதி இன்னும் மோசம். கல்யாணமான புதிதில் யூனிட்டில் குத்துமதிப்பாகச் சொன்னதுதான் இன்றும் பதிவில் நிற்கும்.

கணவர் உயிரோடிருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம். அவரே மனு கொடுத்து, அபிடவிட், பத்திரிகை விளம்பரம், ஆதார் நகல் எல்லாம் சேர்த்து, தன் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பெயரைத் திருத்தாது. மனுவைச் சரிபார்த்து மேலே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. இது தெரியாமல் "வந்துடுச்சாங்க?" என்று ஆறு மாதம் அதே ஜன்னலில் நிற்பவர்கள் உண்டு. அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் அன்றே எழுதி வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் ரெக்கார்ட் ஆபீஸில் கேள்வி கேட்க முடியும். திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வந்து சேரும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். இறந்த இடத்தின் உள்ளாட்சிதான் சான்றிதழ் தரும். சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குச் சொந்த ஊரில் கேட்டு அலைவது வீண். சான்றிதழில் அவர் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் பதற்றத்தில் யாராவது சொல்லிவிட்டால் பிறகு அதற்குத் தனியாக ஒரு திருத்தம்.

கணவர் கணக்கில் இறப்புக்குப் பிறகு விழும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். அவருக்குரியது இறந்த நாள் வரைதான், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். கூடுதலாக எடுத்ததை அந்த அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்து பிடிப்பார்கள். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பார்ஷ் இணையதளத்தில் இறப்பைத் தெரிவிக்கத் தனி வழி இருக்கிறது, முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இருந்தால் புதிதாக ஆணை தேவையில்லை. இல்லாவிட்டால் மேலே சொன்ன ரெக்கார்ட் ஆபீஸ் அலைச்சல் முழுக்க அந்த அம்மாவின் தலையில் விழும்.

தொகையிலும் ஒரு குழப்பம் வரும். ஓய்வுக்குப் பின் இறந்தவர் என்றால், 7 ஆண்டுகள் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, எது முந்தியோ அதுவரைக்கும், கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் (அவர் வாங்கிய ஓய்வூதியத்துக்கு மேல் போகாது). அப்புறம் 30 சதவீதம். 63 வயதில் இறந்திருந்தால் நான்கே ஆண்டுகளில் தொகை குறையும். தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று ஓட வேண்டாம்.

மாவட்ட அலுவலகத்தில் விதவை அடையாள அட்டை வாங்குங்கள். மற்ற உதவிகளுக்கு அதைத்தான் கேட்பார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவ வீரர்களின் குடும்பங்கள் இங்கே வந்து திரும்பிப் போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். சட்டப்படி அவர்கள் "முன்னாள் படைவீரர்" இல்லை. பயிற்சிக் காலத்திலேயே அனுப்பப்பட்டவருக்கும் பொதுவாக இதே கதி.

மகள் கல்யாணத்துக்கு மத்திய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நல வாரியம்) தரும் உதவி 2025 நவம்பர் 1 முதல் ரூ.50,000-லிருந்து ரூ.1 லட்சமாகிவிட்டது. ஹவில்தாரும் அதற்குக் கீழும் உள்ள பதவிகளுக்கு மட்டும், இரண்டு மகள்கள் வரை. கல்யாணம் முடிந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மொய்க் கணக்கு பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கெடு ஓடிவிடும். 65 வயது தாண்டியவர்களுக்கு மாதம் ரூ.8,000 வறுமை உதவி என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது ஓய்வூதியமே இல்லாதவர்களுக்கு. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் மனு போட்டால் நிராகரிப்புதான்.

அடக்கம் பற்றியும் கேட்கிறார்கள். நந்தம்பாக்கம் போர்க் கல்லறை உலகப் போர் காலத்தில் மாண்டவர்களுக்கானது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது. ஓய்வுபெற்றவருக்கு அங்கே இடம் கிடையாது. ஊர் மயானம்தான்.

ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச் சான்று தர வேண்டும். இ-சேவை மையத்தில் ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் உயிர்ச் சான்று) போடும்போது பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள். வழங்கும் இடம் என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் பாரத ஸ்டேட் வங்கியை அழுத்திவிடுவார்கள். ஸ்பார்ஷுக்கு மாறியவர்கள் "ஸ்பார்ஷ் – பி.சி.டி.ஏ. அலகாபாத்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பி.பி.ஓ. எண்ணும் பழையது கூடாது, ஸ்பார்ஷ் கொடுத்த 12 இலக்க எண். இவற்றில் ஒன்று தவறினாலும் ரசீது வந்துவிடும், சான்று மட்டும் போய்ச் சேராது.