அழுத்தக் காயம்: ‘பெட் சோர்’ என்பதற்குச் சரியான சொல்

‘பெட் சோர்’ என்பதை அப்படியே தமிழாக்கியதுதான் ‘படுக்கைப்புண்’. மருத்துவர்கள் எழுதும் ‘டெகுபிடஸ்’ லத்தீனில் ‘படுத்துக் கிடத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம், “அப்பத்தா கிடையில கிடக்காக, முதுகு வெந்துருச்சு” என்பார்கள். ஒன்று படுக்கையைக் காரணம் சொல்கிறது, இன்னொன்று சூட்டை. உண்மைக் காரணம் அழுத்தம்.

எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே சதை நசுங்கும்போது அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இரத்தம் வராத சதை செத்துப்போகிறது. எலும்பை ஒட்டிய சதை முதலில் கெடுவது உண்டு என்பதால், தோலில் சின்ன வட்டமாகத் தெரிவது உள்ளே பெரிய குழியாக இருக்கலாம். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால், பின்மண்டை ஆகியவை முக்கியமான இடங்கள். பகலெல்லாம் முகப்பில் சாய்வு நாற்காலியில் இருக்கும் ஐயாவுக்கும் இது வரும். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டே இருந்தாலும் வரும். இங்கெல்லாம் படுக்கைக்கு வேலையே இல்லை.

‘அழுத்தப் புண்’ என்பது இதைவிட நல்ல சொல். ஆனால் முதல் நிலையில் தோல் கிழிவதே இல்லை. அதனால்தான் அமெரிக்க வல்லுநர் குழு 2016-ல் ‘அல்சர்’ (புண்) என்பதைக் கைவிட்டு ‘பிரஷர் இஞ்சுரி’ (அழுத்தக் காயம்) என்று மாற்றியது. தமிழில் இது இன்னும் எளிது. தோல் கிழியாமல் உள்ளே படும் அடியை ‘ஊமைக்காயம்’ என்கிறோமே! காயம் என்ற சொல்லில் கிழிந்ததும் அடங்கும், கிழியாததும் அடங்கும். ஆகவே ‘அழுத்தக் காயம்’ என்பதே பொருத்தம். புண் என்று சொன்னால் வீட்டார் புண்ணைத்தான் தேடுவார்கள், அது தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

முதல் நிலையைக் கண்டுபிடிக்க, சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் காயம் தொடங்கிவிட்டது. நம் கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்து, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்; அங்கே வலிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பேசும் மகள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். குதிகாலைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும்.

இந்தக் காயம் பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று 1859-லேயே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். இரவு பகலாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவரிடம் இதைச் சொல்லிக் காட்டுவது அநியாயம். வாழ்வின் கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்தும் தடுக்க முடியாமல் போவதுண்டு. 1962-ல் பிரிட்டிஷ் செவிலியர் டோரீன் நார்ட்டனின் குழு முதியோரிடம் செய்த செவிலியர் ஆய்வை வெளியிட்டது. தோலில் எதைத் தடவுகிறோம் என்பதைவிட அடிக்கடி புரட்டிவிடுவதே பலன் தருகிறது என்று அது காட்டியது. இந்தக் காயம் வரும் ஆபத்தை அளக்க 1987-ல் வந்த பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், உணவு, உராய்வு என்ற ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

புரட்டுவதிலும் முறை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. தோல் அதற்குள் சிவந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாக வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கியிருக்கட்டும். மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் போய் உள்ளே குழாய்கள் அறுபடும். விரிப்பின் இரு ஓரத்தையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஆத்தங்குடிக்கல் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பாய் விரித்துக் கிடத்துவதுண்டு. குளிர்ச்சி அழுத்தத்தைக் குறைக்காது, கல்தரை மெத்தையைவிட மோசம்.

சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்வது, ஸ்பிரிட் தடவுவது, நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பது மூன்றும் கெடுதல். வளையம் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தையே தடுக்கும். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. மின்சாரம் நின்றால் காற்று இறங்கிவிடும், மேலே மூன்று போர்வை மடித்துப் போட்டால் அதன் பயனே போய்விடும்.

கஞ்சி மட்டும் போதாது. காயமோ ஆபத்தோ உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், அதாவது 50 கிலோ எடைக்கு நாளைக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். கரும்பொருக்கு, துர்நாற்றம், காய்ச்சல் இவற்றில் எது தென்பட்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.