கூடு இந்த ஏரியில், இரை அடுத்த ஊர் ஏரியில்

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். சற்றுத் தள்ளியிருக்கும் மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் வைத்தால் வெறும் குட்டை. ஆனாலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்ட இந்தக் குட்டையைத்தான் தேடி வருகின்றன. காரணம் கேட்டால், ஊர்க்காரர்கள் வேட்டையாட விடுவதில்லை என்பார்கள். அதில் பொய்யில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதி, வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள்.

ஆனால் சுடாமல் விட்டால் மட்டும் நாரை வந்துவிடாது. யாரும் துப்பாக்கி தூக்காத ஏரிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு; அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு கூடு கிடையாது.

முதலில் மரம். நீர்க்கடம்பும் கருவேலமும் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாதவை. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை பூனை, கீரி, நரி எதுவும் கூட்டுக்கு எளிதில் வர முடியாது. கூட்டமாகக் கூடு கட்டும் நீர்ப்பறவைகளுக்கு இந்த அகழிதான் முக்கியப் பாதுகாப்பு. அதனால்தான் கரையில் நிற்கும் நல்ல ஆலமரத்தை விட்டுவிட்டு, நடு ஏரியில் நிற்கும் முள்மரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன. புதிதாக ஒரு ஏரியைப் பறவைகளுக்குத் தயார் செய்கிறவர்கள் உள்ளே மண் திட்டுகள் போட்டுக் கருவேலங்கன்று வைப்பதும் இதற்காகவே. கன்றைக் கோடையில், ஏரி வற்றியிருக்கும்போதே வைத்தாக வேண்டும். தண்ணீர் ஏறுவதற்குள் வேர் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் ஆட்டிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.

அடுத்தது, தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பது. மஞ்சள் மூக்கு நாரையின் முட்டை பொரிய ஒரு மாதம் ஆகும். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமாவது வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி பங்குனி வரை கொஞ்சமாவது தாங்கவேண்டும். நடுவில் வற்றிவிட்டால் மரத்தடிக்கு நரி வரும், இரையும் குறையும். பறவைகள் முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. மதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது இப்படித்தான் நாரையின் பிரச்சினையாகவும் ஆகிறது.

மதகு என்றதும் உழவரும் பறவையும் எதிரெதிர்க் கட்சி என்று நினைக்கத் தோன்றும். வேடந்தாங்கலில் கணக்கு வேறு. பறவையின் எச்சத்தில் வெள்ளையாகக் களிபோல இருப்பது யூரிக் அமிலம். நம்மைப்போல யூரியாவாகக் கரைத்து வெளியேற்றாமல், பறவைகள் நைட்ரஜனைத் தண்ணீரில் எளிதில் கரையாத இந்தப் பொருளாக மாற்றிவிடுகின்றன. ஓட்டுக்குள் அடைபட்ட குஞ்சு தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகாமல் இருப்பதும் இந்த ஏற்பாட்டால்தான். யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். ஏரியில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியா ஆக்கும். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கும். மீன் முள்ளும் எலும்பும் செரித்ததில் பாஸ்பரசும் சேர்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக மார்கழி, தையில் தொடங்கும் நவரைப் பட்ட நெல்லுக்குப் போகிறது. உரமூட்டை என்ற ஒன்று ஊருக்கு வருவதற்கு முன்பே இங்கே நெல்லுக்கு உரம் போய்க்கொண்டிருந்தது. கவுல் கேட்டு நடந்தவர்களுக்குப் பறவைமேல் பாசம் இருந்திருக்கலாம். விளைச்சல்மேல் நிச்சயமாக இருந்தது. அதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை.

பலரும் கவனிக்காத மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் சின்ன ஏரியில் சேர்ந்துகொண்டே போனால் பாசி பெருகும், இரவில் பிராணவாயு குறையும், மீன் செத்து மிதக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் எடுப்பதால் அந்தச் சத்தில் ஒரு பங்கு வயலுக்குப் போய்விடுகிறது. கோடையில் வண்டல் அள்ளும் ஏரிகளில் இன்னொரு பங்கும் வெளியேறும். மதகும் வயலும் ஏரிக்குச் சிறுநீரகம்போல வேலை செய்கின்றன என்று சொல்லலாம். உழவை நிறுத்திவிட்டு ஏரியைப் பறவைகளுக்கு மட்டும் ஒதுக்கினால், கெடுதல்தான் அதிகம்.

மரங்கள்தான் பாவம். எச்சம் அப்பிய இலையில் வெயில் படாது; அடிமண்ணிலும் சத்து அளவுக்கு மிஞ்சிவிடும். பல வருடம் கூடு தாங்கிய மரம் மொட்டையாகிப் பட்டுப்போகும். ஆகவே பழைய மரம் நிற்கும்போதே அடுத்த வரிசையை நட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இனி, இரை. மஞ்சள் மூக்கு நாரை மேய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கண்ணை நம்புவதில்லை என்று புரியும். ஒரு சாண் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து வைத்து, தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறும். அலகுக்குள் மீன் பட்ட கணத்தில் பட்டென்று மூடிக்கொள்ளும். நத்தை குத்தி நாரைக்குக் கதை வேறு: மூடினாலும் நடுவில் இடைவெளி விழும் அலகு. கீழலகின் கூர்முனையை நத்தையின் மூடிக்குள் செலுத்தித் தசையை அறுத்து, ஓடு உடையாமல் சதையை மட்டும் உருவிவிடும். இரண்டுக்குமே ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். கூட்டுமரத்தைச் சுற்றி அது போதுமான அளவு இருக்காது. எனவே சுற்றுப்புற ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து போய் இரை கொண்டுவருகின்றன. தை, மாசியில் அந்த நீர்நிலைகள் வடிய வடிய மீன்கள் குறுகிய இடத்தில் நெருங்கும். குஞ்சுகளுக்கு அகோரப் பசி எடுப்பதும் அப்போதுதான்.

ஆகவே ஏரிக்கு வேலி போட்டுவிட்டால் சரணாலயம் முடிந்துவிட்டது என்று எண்ண முடியாது. 1998இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு இந்த அறிவியல் பொருந்துகிறது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்ததும் அதனால்தான். கூடு இருக்கும் ஏரியில் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், சுற்றியுள்ள ஏரிகளைக் கெடுத்தே அந்தக் கூட்டைக் காலி செய்துவிட முடியும்.

இப்போது ஊர் ஊராக நடக்கும் ஏரி மேம்பாட்டு வேலைகளைப் பார்க்கையில் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பொக்லைன் இறங்கி, கரையோரத்திலிருந்தே செங்குத்தாக வெட்டி, ஏரியை ஒரே ஆழத் தொட்டியாக்கிவிடுகிறது. அதைச் சுற்றிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டுவிட்டால் திறப்பு விழா. அந்தத் தொட்டியில் நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும். நாரைக்கும் கொக்குக்கும் நிற்க இடமே இருக்காது. தூர் வாரவே கூடாது என்று சொல்லவில்லை. மதகுப் பக்கம் ஆழமாக எடுத்துவிட்டு, தண்ணீர் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாக விட்டாலே போதும். அள்ளிய மண்ணில் ஒரு பகுதியை நடுவில் இரண்டு மூன்று திட்டாகக் கொட்டலாம். லாரி வாடகையும் மிச்சம். நடைபாதை வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு பக்கக் கரையைக் கொடுத்துவிட்டு, மற்ற பக்கங்களை இருட்டாகவே விடலாம்.

மனிதர்கள் தங்கள் பங்குக்கு விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை; வனத்துறை இனிப்பு கொடுக்கிறது. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியோடு நிற்காமல் தெருவுக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அங்கே குஞ்சுகளின் இரைச்சல் ராத்திரியும் ஓயாது. மீன் நாற்றம் வீட்டுக்குள் வரும். வாசலில் காயப்போட்ட துணி மாலையில் வெள்ளைப் புள்ளியோடு திரும்பும். கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.