ஃபோர்மட் அடித்தால் ட்ரோஜன் போய்விடுமா?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து திருத்துவதற்கு வரும் வீட்டுக் கணினிகள் பலவற்றோடு ஒரே வேண்டுகோள்தான் கூட வருகிறது: "அண்ணை, வைரஸ் பிடிச்சிட்டுது, ஒருக்கா ஃபோர்மட் அடிச்சுத் தாங்கோ." பிடித்திருப்பது ட்ரோஜன் என்னும் வகைத் தீய மென்பொருள் என்றால், ஃபோர்மட் அடிப்பது, அதாவது டிரைவை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவது, பாதி வேலைகூட ஆகாது.

ட்ரோஜன் தானாகப் பெருகுவதில்லை. பயனுள்ள மென்பொருளின் வேடத்தில் வந்து, உரிமையாளரின் கையாலேயே திறக்கப்பட்டு உள்ளே குடியேறுகிறது. நான் காண்பவற்றில் அதிகமானவை, ஒஃபிஸ், ஃபோட்டோஷொப் போன்றவற்றைக் காசில்லாமல் இயக்கித் தருவதாகச் சொல்லும் 'கிராக்' கோப்புகளோடு வந்தவை.

உயர்தர மாணவர் ஒருவரின் மடிக்கணினியைச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி அனுப்பியது. மாணவர் தரவிறக்கிய ஸிப் (zip) கோப்பு 1234 என்ற கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்ததோடு, நிறுவும் முன் அன்டிவைரஸை நிறுத்திவிடுமாறு ஒரு குறிப்பும் உள்ளே இருந்தது. பூட்டிய கோப்பினுள் இருப்பதை அன்டிவைரஸால் வாசிக்க முடியாது என்பதற்காகவே அந்தக் கடவுச்சொல். விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபென்டரின் விலக்குப் பட்டியலை, அதாவது எவற்றைச் சோதிக்க வேண்டாம் என்று குறிக்கும் பட்டியலை, திறந்தபோது சீ டிரைவ் முழுவதுமே அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகையால் டிஃபென்டர் எதையும் தேடாமலே பச்சை அடையாளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் முகநூல் கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் யாரோ அவர் பெயரில் பதிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றியது அதே மடிக்கணினியில் என்பதால், புதிய கடவுச்சொல்லும் உடனே களவு போயிருக்கிறது. இவ்வகை ட்ரோஜன்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும், பிரவுசரில் இருக்கும் சிறு தரவுகளான குக்கிகளையும் அள்ளிச் செல்கின்றன. அந்தக் குக்கி செல்லுபடியாகும் வரை, திருடியவருக்குக் கடவுச்சொல்லோ தொலைபேசிக்கு வரும் குறியீடோ தேவைப்படாமலும் போகலாம்.

ஆகவே முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். ஹொட்ஸ்பொட்டில் இயங்கும் கணினி என்றால் அதை நிறுத்தினாலே போதும். அடுத்து, தொற்றில்லாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஏனெனில் ஏனைய கணக்குகளை மீட்கும் வழி அதுதான். பிறகு வங்கி, முகநூல். ஒவ்வொன்றிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவை மறக்காமல் அழுத்தி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். வங்கிக் கணக்கில் சந்தேகம் இருந்தால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள்.

கணினியின் முறை அதற்குப் பிறகே. விலக்குப் பட்டியலை வெறுமையாக்கிவிட்டு, டிஃபென்டரின் ஒஃப்லைன் ஸ்கானை ஓடவிடுங்கள். ஏறக்குறைய 15 நிமிடங்கள் எடுக்கும். விண்டோஸ் முழுமையாக ஏறுவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் ட்ரோஜன்களும் அதில் அகப்பட வாய்ப்புண்டு. சந்தேகம் தீராவிட்டால் ஃபோர்மட் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதியெடுங்கள்; மென்பொருள் நிறுவும் கோப்புகள் எதையும் காப்பாற்றாதீர்கள். விண்டோஸையும் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து, வேறொரு கணினியில், குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கிராக் செய்த சீடியிலிருந்து மீண்டும் நிறுவுவது, துரத்தியவனைத் திரும்ப அழைப்பதற்கு ஒப்பானது. இதை எழுதுவதால் என் தொழிற்காரர் சிலர் என்னோடு கோபிக்கக்கூடும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால், இயலுமானவர்கள் 11க்கு மாறுவது நல்லது. மாறிய பின்னர் கோப்பு நீட்சிகளை, அதாவது கோப்பின் வகையைச் சொல்லும் பெயரின் கடைசிப் பகுதியை, காட்டும் தெரிவை இயக்கிவிடுங்கள். விண்டோஸ் வழமையாக அவற்றை மறைத்துவிடுவதால், 'வினாத்தாள்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' (.exe) என்ற, உண்மையில் இயங்கும் மென்பொருளான கோப்பு சாதாரண பிடிஎஃப் போலவே கண்ணுக்குத் தெரியும்.