கரண்ட் – மின்னோட்டம்

"கரண்ட் போய்விட்டது" என்கிறோம். "கரண்ட் பில் வந்திருக்கிறது" என்கிறோம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர் "கரண்ட் அடித்துவிட்டது" என்று கையை உதறுகிறார். சொல் ஒன்றுதான்; பொருள் மூன்று. முதலாவது மின்வழங்கல். இரண்டாவது நாம் செலவழித்த மின்னாற்றல்; பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மூன்றாவது மின்னதிர்ச்சி. இயற்பியல் சொல்லும் கரண்டுக்குச் சற்றாவது பக்கத்தில் நிற்பது இந்த மூன்றாவதுதான். அங்கே உடம்பின் வழியே உண்மையிலேயே ஏதோ ஓடுகிறது.

ஓடுவதுதான் இந்தச் சொல்லின் வேரும். லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆற்று நீரோட்டத்துக்கும் கம்பியில் ஓடுவதற்கும் பொதுப்பெயர் ஆனது. தமிழில் மின் + ஓட்டம் = மின்னோட்டம். தனிக்குறிலை அடுத்த ஒற்றின் முன் உயிர் வந்ததால் 'ன்' இரட்டித்தது. 'மின்' பழைய சொல். "மின்னொடு வானம் தண்துளி தலைஇ" என்று புறநானூற்றின் 192ஆம் பாட்டில் வருவது மின்னல். தேய்த்தால் துரும்பை இழுக்கும் அம்பரை, அதாவது கல்லாக உறைந்த மரப்பிசினை, கிரேக்கர்கள் 'எலெக்ட்ரான்' என்றார்கள். ஐரோப்பா மின்சாரத்துக்கு அதிலிருந்து பெயர் எடுத்தது. நாம் வானத்திலிருந்து எடுத்தோம். நமது தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு கம்பியின் குறுக்குவெட்டை ஒரு நொடியில் கடக்கும் மின்னூட்டத்தின் அளவே மின்னோட்டம். மின்னூட்டத்தின் அலகு கூலூம்; நொடிக்கு ஒரு கூலூம் கடந்தால் அது ஓர் ஆம்பியர். கம்பியில் அந்த மின்னூட்டத்தைச் சுமக்கும் நுண்துகள்களான எலக்ட்ரான்களின் கணக்கில் ஏறத்தாழ 6.24 × 10¹⁸. வீட்டில் இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றால், 230 வோல்ட்டில் அது சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும்.

சமன்பாடுகளில் இதற்கு 'ஐ' (I) என்ற ஆங்கில எழுத்து ஏன் என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். பிரெஞ்சுக்காரரான ஆம்பியர் மின்னோட்டத்தின் 'செறிவு' என்று பொருள்படும் 'intensité' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பயன்படுத்தினார். அதன் முதலெழுத்து அது. மின்னழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு என்று 1820இல் பெயர் பிரித்துக் காட்டியவரும் அவரே. நம் பேச்சுவழக்கு இன்னும் பிரிக்கவில்லை. சுவிட்சை அணைத்ததும் மின்விசிறியில் மின்னோட்டம் இல்லை. ஆனால் சுவிட்சுக்கு வந்து சேரும் கம்பியில் 230 வோல்ட் அழுத்தம் அப்படியே காத்திருக்கிறது. குழாயை மூடினாலும் தொட்டி நீரின் அழுத்தம் குழாய்க்குள் இருப்பதைப் போல.

ஓட்டம் என்றதும் எலக்ட்ரான்கள் பாய்ந்து செல்வதாக நினைக்க வேண்டாம். செப்புக் கம்பியில் அவை நகரும் சராசரி வேகம் பெரும்பாலும் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இராது; நத்தை முந்திவிடும். சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அசையத் தொடங்குவதுதான். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்திலோ அவை எங்கும் போவதே இல்லை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன. இலங்கைத் தமிழில் இதை 'ஆடலோட்டம்' என்கிறார்கள். 'மாறுதிசை மின்னோட்டம்' என்ற நம் பாடநூல் தொடரைவிட அது குறுகியது, நடப்பதைக் கண்ணுக்குக் காட்டுவது.

இன்னொரு சிக்கல், திசை. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாகக் கொள்வது மரபு. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகுதான் கம்பியில் நகர்வது எதிர்மின்னூட்டம், அதுவும் எதிர்த் திசையில் என்று தெளிவானது. அதற்குள் மரபு வேரூன்றிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தைக் காட்டிக்கொடுப்பது காந்தம். 1820இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகே திசைகாட்டி ஊசி விலகுவதைக் கண்டார். நீங்களும் பார்க்கலாம். ஒரு டார்ச் பேட்டரி, சிறிய டார்ச் பல்பு, கம்பி, திசைகாட்டி போதும். பல்பையும் சுற்றில் இணைத்து, கம்பியை ஊசிக்கு நேர் மேலே வடக்கு தெற்காகப் பிடியுங்கள். பல்பு எரியும்போது ஊசி சற்றே விலகும். பேட்டரியைத் திருப்பிப் போட்டால் ஊசி மறுபக்கம் விலகும். பல்பு மட்டும் எந்த வேறுபாடும் காட்டாமல் முன்போலவே எரியும்.