இரண்டு நாளில் யாரும் கோச் ஆக முடியாது

முகாமைத்துவம் கற்பிப்பதும், தோட்ட உத்தியோகத்தர்களுக்குத் தலைமைத்துவக் கோச்சிங் செய்வதும் என் தொழில். 'இரண்டு நாளில் கோச் ஆகலாம்' என்று ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஒட்டப்படும் நோட்டீஸ்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் மஸ்கெலியாப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்த பிறகு அது முடியவில்லை.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவன். கையில் லெமினேட் பண்ணிய சான்றிதழ், அதில் தங்க நிறத்தில் ஒரு பூமி உருண்டை. 'சர்வதேச தலைமைத்துவப் பயிற்றுநர்' என்று போட்டிருந்தது. வகுப்பு இரண்டே நாள். கட்டணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. கொழும்பில் பார்த்த கடை வேலையையும் விட்டாயிற்று. "சேர், இத வச்சி கெம்பஸ்ல லெக்சரர் வேலைக்கு போடலாங்களா?" என்று கேட்டான். இப்படிக் கேட்டு வந்தவர்களில் அவன் முதல் ஆள் இல்லை. ஏமாற்றுகிறவர்களின் மேல் வந்த கோபத்தில் பாதி, அதை விசாரிக்காமல் விட்ட ஊர்ப் பெரியவர்கள் மேலும் வந்தது.

லெக்சரர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அரச பல்கலைக்கழகம் என்றால் நல்ல வகுப்பில் சிறப்புப் பட்டம் எடுத்துத் தகுதிகாண் விரிவுரையாளராக நுழைய வேண்டும். அப்புறம் முதுமாணி, கலாநிதி, ஆய்வுக் கட்டுரைகள். சிரேஷ்ட விரிவுரையாளர் ஆகிப் பேராசிரியர் பதவிக்கு வரும்போது தலை நரைத்திருக்கும். குறுக்கு வழி கிடையாது. பணம் கட்டி 'கௌரவ கலாநிதி' வாங்கி, அடுத்த வாரமே 'கௌரவ' என்பதை விசிட்டிங் கார்டிலிருந்து எடுத்துவிடுகிறவர்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பேசினால் நிறுத்த மாட்டேன்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு ஒன்று. கோச் என்றால் மேடையில் நன்றாகப் பேசுகிறவர் என்று நம் ஆட்கள் முடிவே செய்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்து "உன்னால் முடியும் தம்பி" என்று கத்துவார், கைதட்டச் சொல்வார், கடைசியில் எல்லாரையும் அழ வைப்பார். அவர் பேச்சாளர். நல்ல பேச்சாளராகவும் இருக்கலாம். ஆனால் அது கோச்சிங் இல்லை. புத்தி சொல்வதும் கோச்சிங் இல்லை. புத்தி சொல்ல லயத்தில் வீட்டுக்கு ஒரு மாமா இருக்கிறார், காசும் கேட்கமாட்டார். கோச்சிங்கில் அதிகம் பேச வேண்டியவர் எதிரில் இருப்பவர்தான். நம் வேலை கேட்பது, பிறகு சரியான கேள்வி ஒன்றைப் போடுவது, பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது. கடைசியாகச் சொன்னது மிகக் கஷ்டம். எனக்குப் பழகியவர்களில் நல்ல வாத்தியார்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஒரு சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர், வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், இந்தத் தொழிலில் ரகசியம் காப்பது கட்டாயம்). ஆட்கள் தன் பேச்சைக் கேட்பதில்லை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அரை மணி நேரம் புலம்பினார். நான் கேட்டது ஒன்றுதான்: "பெரட்டுக் களத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" யோசித்தார். மோட்டார் சைக்கிளில்தான் இருப்பாராம். இறங்குவதில்லை, இஞ்சினையும் நிறுத்துவதில்லை. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து என்ன செய்வது என்று முடிவெடுத்ததும் அவர்தான். நான் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. இதில் கைதட்டலுக்கு எங்கே இடம்?

இதை உலக அளவில் அளப்பதற்கு முறை உண்டு. 1995இல் தொடங்கிய ஐ.சி.எப். (International Coaching Federation) என்ற, கோச்சிங் தொழிலுக்கான சர்வதேச அமைப்பு இருக்கிறது. அதன் முதல் படித் தகுதிக்கே 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் ஆட்களோடு இருந்து செய்த அனுபவம், மூத்த கோச் ஒருவரின் வழிகாட்டல், பரீட்சை எல்லாம் வேண்டும். அடுத்த படிக்கு அனுபவம் மட்டும் 500 மணி, அதற்கும் மேலே 2,500. இரண்டு நாள் மண்டபத்தில் உட்கார்ந்து வந்த தாள், வந்து உட்கார்ந்ததற்குச் சாட்சி. அவ்வளவுதான்.

அடுத்த பொய் 'அரச அங்கீகாரம் பெற்றது'. கேட்டால் வியாபாரப் பதிவு இலக்கத்தைக் காட்டுவார்கள். அந்தப் பதிவு மூலைக்கடைக்கும் உண்டு, ஐயா! தொழிற்கல்வி நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா என்று பாருங்கள். அங்கேயும் நிறுவனத்தைப் பதிவது வேறு, பாடநெறியை அங்கீகரிப்பது வேறு. இரண்டையும் கேளுங்கள். பட்டம், டிப்ளோமா என்றால் தகுதிகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். மொத்தம் 12 மட்டம், பாடநெறி வழி முதுமாணி 9, கலாநிதி 12. பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சொன்னால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள். "இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்று யாராவது அவசரப்படுத்தினால், கட்டாதீர்கள்.

உண்மையிலேயே இந்தத் தொழிலில் ஆசை இருக்கிற பிள்ளைகளைத் தடுக்கவில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி காணாவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் முதலில் எங்கேயாவது வேலை செய்யுங்கள். பத்துப் பேரை வைத்து ஒரு வேலையை முடித்துப் பார்க்காதவனிடம் தலைமைத்துவம் கற்க யாரும் வரமாட்டார்கள். சிங்களத்தையும் விடாதீர்கள், இந்த மலையில் துரைமாரிலும் தொழிற்சாலை உத்தியோகத்தர்களிலும் பலர் சிங்களத்தில்தான் மனம் திறக்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வெட்கப்பட்டு மூடிவைக்க வேண்டாம். ரசீது, நோட்டீஸ், வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் பேசலாம். இன்னொன்றும் சொல்கிறேன். கொஞ்ச நாளில் "அட்வான்ஸ்ட் லெவலையும் முடித்தால்தான் சான்றிதழ் செல்லும்" என்று ஒரு அழைப்பு வரும். வீட்டில் மிச்சம் இருக்கும் தோட்டை அதற்காகக் கழற்றிவிடாதீர்கள்.