கடிக்காமல் உறிஞ்சும் மீன்: லார்ஜ்மவுத் பாஸ் தூண்டிலில் சிக்கும் விதம்

லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போலி இரையின் நிறத்தைப் பற்றித்தான் மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த மீனின் வாய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், மற்ற கேள்விகள் பாதி தானாகவே தீரும்.

இது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன். வாய் மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும். இவ்வளவு பெரிய வாய் இருந்தும், அது இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சி இழுப்பதே அதிகம். தாடையை விரித்து, வாயின் அடிப்பகுதியைக் கீழே இறக்கி, செவுள் மூடிகளை அகட்டுகிறது. உள்ளே இடம் சட்டென்று பெருகுவதால் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் தண்ணீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. கண் இமைப்பதற்குள் இத்தனையும் முடிந்துவிடும். தண்ணீர் செவுள் வழியாக வெளியேற, உப்புத்தாள் போலச் சொரசொரப்பான பொடிப்பற்கள் இரையை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்த உறிஞ்சலுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. வாயின் அகலத்தைத் தாண்டினாலே இழுவிசை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் பாசி ஓரத்திலும், மூழ்கிய மரக்கட்டையின் நிழலிலும், படகுத்துறைக் கால்களுக்கு அடியிலும் மீன் பதுங்கி நிற்கிறது. இரை அருகில் வந்ததும் பாய்ந்து நெருங்கி உறிஞ்சுகிறது. ஆகவே போலி இரையை நடுக்குளத்தில் வீசுவதில் பெரிய பயனில்லை. மறைவிடத்தை ஒட்டி விழ வேண்டும்.

இன்னொன்று: தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டும் இழை) விறைப்பாக இருந்தால் இரை தண்ணீரோடு தாராளமாக உள்ளே போகாது. மென்பிளாஸ்டிக் புழு மூழ்கும்போது நரம்பைச் சற்றே தளர்த்தி வைப்பது இதற்காகத்தான். மீன் எடுத்ததும் கையில் ஒரு சின்ன ‘டக்’ தெரியும். சில நேரம் அதுவும் இருக்காது, நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரும். உடனே கோலைச் சுண்டி முள்ளைப் பதிக்க வேண்டும். உறிஞ்சிய வேகத்திலேயே துப்பவும் அதற்குத் தெரியும்.

தொடங்குகிறவருக்கு டெக்சாஸ் ரிக் என்ற முள் கட்டும் முறை போதும் என்பேன். நரம்பில் தோட்டா வடிவ ஈயம், அதற்குக் கீழே வளைகழுத்து முள், முள்ளின் கூர்முனையைப் புழுவுக்குள்ளேயே புதைத்துவிடுவது. பாசியில் அவ்வளவாகச் சிக்காது. ஆனால் கூர் பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளியே வரவேண்டும் என்பதால் சுண்டுவதில் வலு வேண்டும். நடுத்தர வலுவுள்ள 2 மீட்டர்க் கோல், நரம்பைச் சுற்றிவைக்க ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்டு இழுவிசை தாங்கும் நரம்பு. அப்புறம், அமெரிக்காவில் என்றால் அந்தந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமம்.

கலங்கிய நீரில் கண் அதிகம் உதவாது; உடலின் பக்கக்கோட்டு உறுப்பு நீரின் அசைவை உணர்ந்து வழிகாட்டும். அங்கே அதிர்வு எழுப்பும் போலி இரைகள் எடுபடும். குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கமே மந்தமாகிவிடும், இரையையும் மெதுவாக நகர்த்துங்கள். வசந்தத்தில் நீர் 15 முதல் 20 டிகிரி செல்சியஸை எட்டும்போது அவை ஆழமற்ற இடத்துக்கு முட்டையிட வரும். கூட்டைக் காவல் காப்பது ஆண் மீன். அதைத் தூக்கிவிட்டால் சுற்றியுள்ள சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும், ஆகவே பிடித்தால் அங்கேயே உடனே விட்டுவிடுவது நல்லது.

1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த உலக சாதனை மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதற்கு ஈடான மீன் 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் கிடைத்தது. உங்களுக்குச் சிக்குவது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கலாம். கனமான மீனைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது வயிற்றுக்கடியில் இன்னொரு கையைக் கொடுங்கள். முழு எடையும் தாடையில் விழுந்தால் அந்த மூட்டுக் காயப்படும், அப்புறம் அது எதை வைத்து உறிஞ்சும்?